களம் கண்டவரும் காணாத இரட்டையரும்: ஹிப்போகாம்பஸை அளந்த 2002 ஆய்வு

வியட்நாம் போர் முடிந்து இருபது வருடம் ஆன பிறகும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வியர்த்துப் போகிறவர்கள், ராத்திரி அலறி எழுகிறவர்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய நோய்க்கு 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு) என்ற பெயர் ஏறியது. பேரதிர்ச்சி எப்போதோ நடந்து முடிந்திருக்கும். ஆனால் உடம்புக்கும் நினைவுக்கும் அது முடிந்திருக்காது. பெயர் கிடைத்ததே தவிர, ஊரின் சந்தேகம் போகவில்லை. பென்ஷனுக்காக நடிக்கிறார்கள், மனதில் திடம் இல்லாதவர்கள் என்ற பேச்சு ஓயவில்லை.

அதனால்தான் 1995-ல் டக்ளஸ் ப்ரெம்னர் குழு வெளியிட்ட முடிவு அவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்த அந்தக் குழு, பிடிஎஸ்டி உள்ள 26 முன்னாள் வீரர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க 22 பேரையும் எம்ஆர்ஐ எடுத்து அளந்தது. நோய் உள்ளவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, வலது பக்கத்தில், சராசரியாக 8 சதவீதம் சிறியதாக இருந்தது. அடுத்த வருடம் இன்னொரு குழு, ஏழே ஏழு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இடது பக்கம் 26 சதவீதமும் வலது பக்கம் 22 சதவீதமும் குறைவு என்றது. 1997-ல் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் இடது பக்கம் சிறுத்திருப்பதாக முடிவுகள் வந்தன. எண்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் திசை ஒன்றாகவே இருந்தது.

ஹிப்போகாம்பஸ் காதுக்கு உள்பக்கமாக, மூளையின் அடிப்பகுதியில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கிறது. எது, எங்கே, எந்தச் சூழலில் நடந்தது என்று நினைவைக் கட்டி வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அன்று அந்தக் காட்டில் கேட்ட வெடிச்சத்தம் வேறு, இன்று அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாணவேடிக்கையில் கேட்கிற சத்தம் வேறு என்று பிரித்துக் காட்ட அது வேண்டும். பிடிஎஸ்டி உள்ளவருக்கு அந்தப் பிரிப்புதான் சரியாக நடப்பதில்லை. ஆகவே அந்த உறுப்பே சிறுத்திருக்கிறது என்று கேட்டதும் எல்லாம் பொருந்திப் போனதுபோல் தோன்றியது.

தழும்பு என்ற விளக்கம்

எப்படிச் சிறுத்தது என்பதற்கும் கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை விடும். அது கொஞ்ச நேரத்துக்கு நல்லது, வாரக்கணக்கில் நீடித்தால் ஹிப்போகாம்பஸுக்குக் கெடுதல். நியூயார்க்கில் ப்ரூஸ் மெக்யூவனின் ஆய்வகத்தில் எலிகளைத் தினமும் ஆறு மணி நேரம், 21 நாள், அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குட்டையாகிப் போயிருந்தன. கென்யாவில் கூட்டத்தின் கீழ்த்தட்டில் அடிவாங்கி, வயிற்றுப் புண்ணோடு செத்த குரங்குகளின் மூளையிலும் அதே இடத்தில் சிதைவு தெரிந்தது. மனிதர்களிலும் ஒரு சான்று இருந்தது: கட்டியினால் கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயில் ஹிப்போகாம்பஸ் சுருங்குகிறது, சிகிச்சை செய்தால் ஓரளவு திரும்ப வளர்கிறது.

இதையெல்லாம் சேர்த்து, போரின் அதிர்ச்சி மூளையில் விட்டுச்சென்ற தழும்பு இது என்று சொன்னார்கள். ராபர்ட் சபோல்ஸ்கி போன்ற பெரிய ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை எடுத்துப் பேசினார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது. நடிப்பு என்று சொன்ன வாய்களுக்குப் பதிலாக ஒரு எக்ஸ்ரே மாதிரிப் படத்தைக் காட்ட முடிந்தது. அந்த ஆறுதலை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஆனால் சில விஷயங்கள் இடித்தன. பிடிஎஸ்டி உள்ள வியட்நாம் வீரர்களின் சிறுநீரில் கார்டிசால் அதிகமாக இல்லை, குறைவாகவே இருக்கிறது என்று 1986-லேயே ஒரு ஆய்வு சொல்லியிருந்தது. கார்டிசால்தான் கரைத்தது என்றால் அது எங்கே? போர்க்களத்தில் அப்போது ஏறியிருந்திருக்கலாம் என்று பதில் சொல்லலாம், ஆனால் அப்போது யாரும் அளந்து வைக்கவில்லை. அப்புறம், எருசலேமில் விபத்து போன்ற அதிர்ச்சிகளோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 37 பேரை ஒரு வாரத்துக்குள் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை எம்ஆர்ஐ எடுத்தார்கள். அவர்களில் 10 பேருக்கு பிடிஎஸ்டி வந்தது, ஆனால் ஹிப்போகாம்பஸ் சுருங்கவில்லை. 2001-ல் வெளியான இந்த முடிவு, தழும்பு அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை என்றாவது காட்டியது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கோளாறு இருந்தது. நோய் வந்து இருபது வருடம் கழித்து எடுத்த படம், நோய்க்கு முன்பு அந்த உறுப்பு எப்படி இருந்தது என்று சொல்லாது. போர் சுருக்கியதா, அல்லது சிறிய ஹிப்போகாம்பஸோடு போருக்குப் போனவர்கள்தான் அதிகம் நோயுற்றார்களா? தழும்பா, பிறவி வாகா? ஒரே ஒரு எம்ஆர்ஐயை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

நாற்பது ஜோடி

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவ மையத்தில் ரோஜர் பிட்மன், மார்க் கில்பர்ட்சன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். போருக்கு முன்பு எடுத்த படம் இல்லை, சரி. ஆனால் அதே மரபணு, அதே கருப்பை, அதே வீட்டு வளர்ப்போடு, போர்க்களம் மட்டும் காணாத இன்னொரு மனிதர் இருந்தால்? அமெரிக்காவில் வியட்நாம் காலத்து இரட்டையர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ராணுவத்தில் இருந்த ஆண் இரட்டையர், ஏறத்தாழ ஏழாயிரம் ஜோடி, அதில் பதிவாகியிருக்கிறார்கள். அதிலிருந்து, ஒருவர் வியட்நாமில் சண்டையிட்டு மற்றவர் போகாத, உருவொத்த இரட்டையர்களைத் தேடி எடுத்தார்கள்.

மொத்தம் 40 ஜோடி. அதில் 17 ஜோடியில் களம் கண்டவருக்கு பிடிஎஸ்டி இருந்தது. 23 ஜோடியில் களம் கண்டும் நோய் வரவில்லை. ஆக நான்கு வகை ஆட்கள்: போருக்குப் போய் நோயுற்றவர், அவருடைய போகாத இரட்டையர், போருக்குப் போயும் நலமாக இருப்பவர், அவருடைய போகாத இரட்டையர்.

இந்த அமைப்பின் அழகு, முடிவு எப்படி வரும் என்று முன்கூட்டியே இரண்டு விளக்கங்களும் வேறு வேறாகச் சொல்ல வேண்டியிருப்பதுதான். தழும்பு என்றால் நோயுற்றவருக்கு மட்டும் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருக்க வேண்டும், மற்ற மூவருக்கும் சாதாரணமாக இருக்க வேண்டும். வாகு என்றால் நோயுற்றவருக்கும் அவருடைய போகாத இரட்டையருக்கும் சேர்ந்தே சிறியதாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சமாளித்துக்கொள்ளும் ஆய்வுகள் நிறைய உண்டு. இது அப்படிப்பட்டதில்லை.

அளப்பது எப்படி என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் பாதிச் சண்டை அங்கேதான். மூளையை முன்னிருந்து பின்னாக, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டங்களாக எம்ஆர்ஐ காட்டும். ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் நீளம், அதனால் ஒரு பக்கத்துக்கே இருபது துண்டத்துக்கு மேல் வரும். பயிற்சி பெற்ற ஒருவர் திரையில் ஒவ்வொரு துண்டத்திலும் அதன் ஓரத்தைக் கையால் வரைந்துகொண்டே போக வேண்டும். பின்பக்கம் வால் மெலிந்து போகும் இடமும், முன்பக்கம் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியோடு ஒட்டி நிற்கும் இடமும் பெரிய தொல்லை. இரண்டும் சாம்பல் நிறம், நடுவே தெளிவான கோடு கிடையாது. கோட்டை ஒரு துண்டம் முன்னே தள்ளினால் ஹிப்போகாம்பஸ் பெருக்கும், அமிக்டலா சிறுக்கும். ஆகவே படம் யாருடையது, போருக்குப் போனவரா போகாதவரா, நோய் உண்டா இல்லையா என்று வரைகிறவருக்குத் தெரியக் கூடாது. மூளைப் படங்களை அளப்பதில் பேர் பெற்ற மார்த்தா ஷென்டன் இந்த ஆய்வில் சேர்ந்திருந்தார்.

ஒரு பக்க ஹிப்போகாம்பஸின் கன அளவு சுமாராக மூன்றிலிருந்து நாலு மில்லிலிட்டர். பத்து சதவீதம் குறைவு என்றால் ஆறேழு சொட்டுத் தண்ணீர் அளவு. இவ்வளவு சின்ன வேறுபாட்டை வைத்துத்தான் இத்தனை வாதமும்.

நோயின் கடுமையை அளக்க, மருத்துவர் நேரில் உட்கார்ந்து கேட்கும் ஒரு வரையறுத்த நேர்காணலைப் பயன்படுத்தினார்கள். பதினேழு அறிகுறி, ஒவ்வொன்றும் எத்தனை அடிக்கடி வருகிறது, எவ்வளவு வாட்டுகிறது என்று தனித்தனியாக மதிப்பெண். மொத்தம் 136. பதினேழு பேரில் 65-க்கு மேல் வாங்கிய 12 பேரைக் கடுமையான நோயுள்ளவர்கள் என்று தனியாகவும் பார்த்தார்கள்.

வந்த முடிவு

2002 நவம்பரில் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளியானது. கடுமையான பிடிஎஸ்டி உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ், நோயில்லாத வீரர்களைவிட ஏறத்தாழ 10 சதவீதம் சிறியது. இதுவரை பழைய முடிவுதான். ஆனால் அவர்களுடைய போர் காணாத இரட்டையர்களின் ஹிப்போகாம்பஸும் அதே அளவுக்குச் சிறியதாக இருந்தது. மொத்த மூளையின் அளவிலோ அமிக்டலாவிலோ இப்படி வேறுபாடு வரவில்லை.

இரண்டாவது முடிவைத்தான் நான் இன்னும் கனமானதாக நினைக்கிறேன். பதினேழு நோயாளிகளுக்குள், ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நோய் கடுமையாக இருந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நோயாளியின் மதிப்பெண்ணை அவருடைய இரட்டையரின் ஹிப்போகாம்பஸோடு ஒப்பிட்டபோதும் அதே உறவு, அதே வலுவோடு வந்தது. வியட்நாம் களத்தையே காணாத ஒருவரின் தலைக்குள் எடுத்த அளவு, இன்னொருவர் அந்தக் களத்திலிருந்து எவ்வளவு அடிபட்டுத் திரும்பினார் என்பதோடு இணைந்து போயிற்று. கார்டிசால் அழித்தது என்ற விளக்கத்தில் இதற்கு இடம் இல்லை.

குடியைப் பற்றிய கேள்வி நியாயமானது. பிடிஎஸ்டி உள்ள வீரர்களில் பலர் தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கி அதிலேயே விழுந்தவர்கள். நீண்ட நாள் குடியும் ஹிப்போகாம்பஸைச் சுருக்கும். ஆய்வாளர்கள் அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள், முடிவு நின்றது.

அதே இதழில் இந்த ஆய்வைப் பற்றி விமர்சனக் குறிப்பு எழுதியவர் யார் என்றால், தழும்பு விளக்கத்துக்குப் பல வருடம் வாதாடிய சபோல்ஸ்கி. கோழி முதலா முட்டை முதலா என்ற கேள்வியாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார்.

இந்த முடிவைத் தப்பாகப் படிப்பது எப்படி

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்த ஆய்வைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் பலர், பிடிஎஸ்டி வருவது பிறவிக் குறை என்று முடித்துவிடுகிறார்கள். அது அநியாயம். அது ஆய்விலேயே இல்லாத முடிவும்கூட.

அந்தப் போகாத இரட்டையர்களைப் பாருங்கள். அதே சிறிய ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கும் இருக்கிறது. குழுவாகப் பார்த்தால் அவர்களிடம் பிடிஎஸ்டி அறிகுறிகள் மிகக் குறைவு. சிறிய ஹிப்போகாம்பஸ் தன்னால் யாரையும் நோயாளி ஆக்கவில்லை. போர் வந்து சேர்ந்த பிறகே அது வினையாயிற்று. இந்த ஆய்வு நிரூபிப்பது எது என்று யாராவது கேட்டால், சிறிய ஹிப்போகாம்பஸைச் சொல்வதற்கு முன்னால் இந்தப் போகாதவர்களின் நலத்தைத்தான் நான் சொல்வேன்.

இதே பதிவேட்டிலிருந்து 1990-ல் வந்த ஒரு ஆய்வை இதோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். உருவொத்த இரட்டையரில் ஒருவர் தென்கிழக்கு ஆசியாவில் பணியாற்றி மற்றவர் போகாத 715 ஜோடிகளைப் பார்த்தார்கள். போனவர்களில் 16.8 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி, போகாதவர்களில் 5 சதவீதம். கடுஞ்சண்டையில் மாட்டியவர்களுக்கு, அந்தப் பக்கமே போகாத தன் இரட்டையரைவிட ஒன்பது மடங்கு அதிகம். மரபணு ஒன்றேதான், வளர்ப்பு ஒன்றேதான். எண்ணிக்கையை ஏற்றியது போர்.

இதற்கு நடைமுறை முக்கியத்துவம் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் வீரருக்கு இழப்பீடு கிடைக்க, பாதிப்பு பணியோடு தொடர்புடையது என்று காட்ட வேண்டும். முன்பே இருந்த குறை என்ற சொல் அங்கே ஒருவருடைய மாதச் சம்பாத்தியத்தை அழிக்கக்கூடிய சொல். பணியில் சேரும்போது குறிப்பேட்டில் எழுதாத குறை எதுவும் இல்லை என்றே அனுமானிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது, அது நல்ல சட்டம். எலும்பு கொஞ்சம் மெலிந்தவர் குண்டடிபட்டுக் காலை இழந்தால், எலும்பு மெலிந்ததைக் காரணம் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது. மூளை விஷயத்தில் மட்டும் அது வருவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

இன்னொரு தப்பு, முன்பே இருந்தது என்பதை மரபணு என்று படிப்பது. உருவொத்த இரட்டையர் மரபணுவோடு நிறுத்துவதில்லை. தாய் கர்ப்பத்தில் பட்ட பாடு, பிறந்த எடை, வீட்டில் இருந்த வறுமை, அப்பாவின் அடி, இவை எல்லாமும் இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். இருபது வயதுக்கு முன்பு இருவரையும் சேர்த்துத் தாக்கிய ஒன்று இருவருடைய ஹிப்போகாம்பஸையும் சிறுக்க வைத்திருந்தால், இந்த ஆய்வு அதைப் பிறவி வாகிலிருந்து பிரித்துக் காட்டாது. போருக்கு முன்பு என்று மட்டும்தான் இது சொல்கிறது.

குறைகளையும் சொல்லிவிடலாம். கடுமையான நோயுள்ள ஜோடி பன்னிரண்டுதான். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஒரே போர், எல்லாருக்கும் பல வருடமாக நீங்காத நோய். வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கோ, ஒரு குழந்தைக்கோ இதை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது.

அதே இரட்டையர், வேறு விடைகள்

இந்த இரட்டையர்களை வைத்து அதே குழு தொடர்ந்து வேறு பலவற்றையும் அளந்தது, அதனால்தான் இது ஒரு தனி ஆய்வாக நின்றுவிடாமல் வளர்ந்தது. ஒன்றில், 95 டெசிபல் சத்தத்தைத் திடீர் திடீரென்று பதினைந்து தடவை காதில் ஒலிக்க விட்டு இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். சாதாரணமாக முதல் இரண்டு மூன்று சத்தத்துக்குத் துடிப்பு ஏறும், அப்புறம் பழகிவிடும். நோயுள்ள வீரர்களுக்குத் துடிப்பு தூக்கலாகவே ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய இரட்டையர்களுக்கு அப்படி இல்லை. 2003-ல் வந்த இந்த முடிவு தெளிவாகத் தழும்பின் பக்கம்: போர் அல்லது போரால் வந்த நோய் உண்டாக்கியது.

2008-ல் சாம்பல் நிறப் பகுதி முழுவதையும் ஒப்பிட்டபோது, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டையொட்டி இருக்கும் முன் சிங்குலேட் பகுதி நோயுள்ள வீரர்களிடம் குறைந்திருந்தது, அவர்களுடைய இரட்டையர்களிடம் குறையவில்லை. பயத்தை அடக்குவதில் பங்கு உள்ள பகுதி அது. இதுவும் தழும்பு. ஆனால் மூளையின் நடுவே இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு இடையில் சிலருக்கு மிஞ்சி நிற்கும் ஒரு சிறு இடைவெளி, நோயுள்ள ஜோடிகளில் இருவருக்குமே அதிகம் காணப்பட்டது. கருவிலிருந்து குழந்தைப் பருவத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டிய இடைவெளி அது, எனவே போருக்கு முந்தியது.

ஒரே மனிதரின் தலைக்குள் ஒரு பகுதி தழும்பு என்கிறது, இன்னொரு பகுதி வாகு என்கிறது. பிடிஎஸ்டி மூளையைச் சேதப்படுத்துகிறது என்று பொதுவாக எழுதப்படும் வாக்கியம் அதனால்தான் எனக்கு உவப்பாக இல்லை. எந்தப் பகுதியை, எப்போது என்று கேட்காமல் அதை எழுதக் கூடாது.

இரட்டையர் இல்லாமலும் முன் பின் பார்க்க ஒரு வாய்ப்பு ஜப்பானில் வந்தது, யாரும் விரும்பாத வகையில். செண்டாய் நகரில் டோஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு காரணங்களுக்காக மாணவர்களின் மூளையைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். 2011 மார்ச் 11-ல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அந்த மாணவர்களில் 42 பேரை மறுபடி அழைத்துப் படமெடுத்தார்கள். நிலநடுக்கத்துக்கு முன்பே முன் சிங்குலேட்டின் ஒரு பகுதி சிறியதாக இருந்தவர்களுக்குப் பின்னால் பிடிஎஸ்டி அறிகுறிகள் அதிகம். கண்குழிக்கு மேலே இருக்கும் நெற்றிப் பகுதியோ, அறிகுறி அதிகமானவர்களுக்கு நிலநடுக்கத்துக்குப் பிறகு குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கண்குழிப் பகுதி மீண்டும் கூடியிருந்தது.

இதில் முன் சிங்குலேட் வாகாக வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரட்டையரில் அது தழும்பு. இஸ்ரேலில் ராணுவப் பணிக்கு முன்னும் பின்னும் வீரர்களைப் படமெடுத்த ஆய்வோ, மன அறிகுறி அதிகமானவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் பணிக்காலத்தில் குறைந்ததாகச் சொன்னது. ஜப்பானிலும் இஸ்ரேலிலும் பார்த்தவர்கள் நோய் முற்றாத இளைஞர்கள், வியட்நாம் வீரர்கள் இருபது முப்பது வருட நோயாளிகள், எனவே நேருக்கு நேர் மோதவில்லை என்று சொல்லலாம். என் கணிப்பு, ஹிப்போகாம்பஸிலும் இரண்டும் கலந்தே இருக்கிறது. எந்த அளவில் எது என்பதுதான் மீதிக் கேள்வி.

அமிக்டலாவைப் பற்றி ஒரு வார்த்தை. பயத்தின் மணியை அடிக்கும் இடம் என்பதால் அது பெரிதாகியிருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2012-ல் செப்டம்பர் 11-க்குப் பிந்தைய போர்களில் பணியாற்றிய 200 பேரைப் பார்த்த ஆய்வில் அது சிறியதாக இருந்தது. அளவு சிறுத்தால் வேலை குறைந்துவிட்டது என்று பொருள் கிடையாது. ஆனால் அமிக்டலா முற்றிலும் சேதமானால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாமில் தலையில் அடிபட்ட வீரர்களிடமிருந்தே ஒரு விடை உண்டு. 2008-ல் வெளியான அந்த ஆய்வில், அமிக்டலாவில் சேதம் இருந்த 15 பேரில் ஒருவருக்குக்கூட பிடிஎஸ்டி வரவில்லை. நெற்றியின் நடுக்கீழ்ப் பகுதியில் சேதம் இருந்தவர்களுக்கும் நோய் குறைவாகவே வந்தது. பயத்துக்கு பிரேக் போடும் பகுதி என்று அதைப் பாடநூல்கள் சொல்கின்றன, பிரேக் போனால் நோய் கூட வேண்டும். கூடவில்லை. இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

இதைப் படிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. தெரியாது. ஏன் என்பதற்கு எண் இருக்கிறது. 2018-ல் பல நாட்டுக் குழுக்கள் தங்கள் படங்களை ஒன்றாகச் சேர்த்தன: 1,868 பேர், அதில் பிடிஎஸ்டி உள்ளவர்கள் 794. ஹிப்போகாம்பஸ் சிறியது என்பது உறுதியாயிற்று. ஆனால் வேறுபாட்டின் அளவு 0.17 திட்ட விலக்கம், அவ்வளவுதான். பிடிஎஸ்டி உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து நிறுத்தினால், நோயுள்ளவருடையது சிறியதாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 55. காசைச் சுண்டிப் போட்டாலே 50. தொண்ணூறுகளில் ஏழு பேரை வைத்து வந்த 26 சதவீதம் எங்கே, இது எங்கே? சின்னக் கூட்டத்தில் அளந்தால் எண்கள் இப்படித்தான் துள்ளும். கடுமையான, நாட்பட்ட நோயாளிகளை மட்டும் எடுத்ததும் ஒரு காரணம்.

ஆகவே எம்ஆர்ஐ அறிக்கையில் எல்லாம் நார்மல் என்று வந்தால், நோய் இல்லை என்று யாரும் வீட்டில் உள்ளவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. தலையில் அடிபட்டிருந்தால், வலிப்பு வந்தால் மருத்துவர் ஸ்கேன் கேட்பார், அது வேறு விஷயம். பிடிஎஸ்டியைக் கண்டுபிடிப்பது இன்றைக்கும் அந்த நேர்காணல்தான்: எதிரே உட்கார்ந்து, என்ன நடந்தது, தூக்கம் எப்படி, எதைத் தவிர்க்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்பது.

வாகு என்று தெரிந்தால் மாற்ற முடியாது என்று நினைப்பவர்களும் உண்டு. 2003-ல் ப்ரெம்னர் இருந்த குழு ஒன்று பராக்சிடின் மருந்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கொடுத்துப் பார்த்தபோது, ஹிப்போகாம்பஸ் சராசரியாக 4.6 சதவீதம் பெருத்தது, வார்த்தைகளை நினைவு வைக்கும் திறனும் கூடியது. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட குழு அதில் இல்லை, அதனால் மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 2011-ல் வளைகுடாப் போர் வீரர்கள் 244 பேரைப் பார்த்த ஆய்வில், நோய் இப்போது இருப்பவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சிறியது, நோய் வந்து தேறியவர்களுக்கு அப்படி இல்லை. தேறியதால் வளர்ந்ததா, பெரிதாக இருந்ததால் தேறினார்களா என்று இங்கேயும் அதே கேள்வி எழுகிறது. இரண்டில் எதுவானாலும் தேறியவர்கள் இருக்கிறார்கள். நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பப் பேசிக் கடக்க வைக்கும் உளச்சிகிச்சைகள் பலருக்குப் பலன் தருகின்றன, அவற்றைத் தொடங்க ஹிப்போகாம்பஸின் அளவு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேராகப் போகலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.